ஆடத்தானே அந்த முகம்?



சித்திரை பிறந்துவிட்டது. மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும் முடிந்து, பிள்ளைகளுக்கு லீவும் விட்டு, ஊர்த் திருவிழாவுக்கு எப்போது கிளம்பலாம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் இது.

நாம் புத்தாண்டு கொண்டாடும் இதே நாட்களில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சைத்ர மாதம் முடிகிறது. அங்கே சிவனுக்கு காஜன் திருவிழா. ராத்திரி சாப்பாடு ஆனதும் ஊரே வெட்டவெளியில் வட்டமாக உட்கார்ந்துவிடும். தம்சா என்ற பெரிய முரசு அதிரும். டோல் சேர்ந்துகொள்ளும். ஷெனாய் எழும்பும். முதலில் பிள்ளையார் வந்து ஆடுவார். அவருக்குப் பின்னால் துர்க்கை, சிங்கம், மகிஷாசுரன், அர்ஜுனன், அபிமன்யு என்று ஒவ்வொருவராக வருவார்கள். அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு, முழங்கால் மண்ணில் பட இறங்குவார்கள். இதுதான் சௌ நடனம்.

ஆடுகிறவர்களின் முகம் கடைசிவரை தெரியாது. நாம் பார்ப்பதெல்லாம் அவர்கள் அணிந்திருக்கும் முகமூடியைத்தான்.

அந்த முகமூடிகளைச் செய்பவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன். எங்கோ வங்காளத்து மூலையில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பேச்சு நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

புருலியாவில் அயோத்தியா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் அடிவாரத்தில், பாக்முண்டி வட்டாரத்தில், சரிதா என்றொரு கிராமம். சௌ ஆட்டத்துக்கு வேண்டிய முகமூடிகள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான். பாக்முண்டி அரசர் மதன் மோகன் சிங் தேவ் காலத்தில், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், இந்த வேலை தொடங்கியதாக ஊரில் சொல்கிறார்கள். செய்பவர்கள் பெரும்பாலும் சூத்ரதர் என்ற சமூகத்தினர். மரவேலையும் சாமி சிலை வேலையும் வழிவழியாக வந்த குடும்பங்கள்.

ஊரின் பெரிய தெருவில் நடந்தால் வீடு எது, பட்டறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. திண்ணையில் களிமண், முற்றத்தில் காயும் முகங்கள், உள்ளே மணியும் ஜரிகையும். குடும்பத்தில் கை உள்ளவர் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

ஒரு முகமூடி எப்படி உருவாகிறது?

முதலில் களிமண்ணில் முகம் பிடிக்கிறார்கள். அது கொஞ்சம் உலர்ந்ததும் மேலே மெல்லிய சாம்பலைத் தூவுகிறார்கள். அடுத்து ஒட்டப்போகும் காகிதம் மண்ணோடு பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தச் சாம்பல். பிறகு பழைய காகிதத்தைப் பசையில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, பத்து அடுக்கு ஒட்டுகிறார்கள். அதன்மேல் மண் குழம்பும் துணியும். ஆட்டத்தின் அடியையும் உதையையும் தாங்கும் பலம் இந்தத் துணியால்தான் வருகிறது.

இதற்குப் பிறகுதான் நுணுக்கமான வேலை. சின்ன மரக் கருவியால் தேய்த்துத் தேய்த்து மூக்கின் கூர்மை, உதட்டின் மடிப்பு, புருவத்தின் வளைவு ஒவ்வொன்றையும் திரும்ப எடுக்கிறார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் உள்ளே இருக்கும் மண்ணிலிருந்து முகத்தைக் கழற்றுகிறார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் துளை போடுகிறார்கள். வெள்ளை அடித்து, அதன்மேல் நிறம் தீட்டுகிறார்கள்.

நிறத்துக்கு விதி உண்டு. துர்க்கைக்கும் லட்சுமிக்கும் கார்த்திகேயனுக்கும் வெளிர்மஞ்சளோ ஆரஞ்சோ பூசுவார்கள். சிவனுக்கும் சரஸ்வதிக்கும் வெள்ளை. காளிக்குக் கறுப்பு அல்லது கருநீலம். அசுரன் என்றால் கறுப்பு அல்லது அடர்பச்சை முகம், தடித்த மீசை, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய பல். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், அம்மா மடியில் பாதித் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும், வருவது யார் என்று பார்த்த நொடியில் தெரிந்துவிட வேண்டும் அல்லவா?

எல்லாம் ஆனபின் அலங்காரம். மணி, ஜரிகை, இறகு, பளபளக்கும் தாள் என்று முகத்தைச் சுற்றிப் பெரிய தோரணம்போல் எழுகிறது தலைக்கட்டு. முகத்தைவிடப் பல மடங்கு அகலம். ஆடுகிறவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் அத்தனை மணியும் சேர்ந்து நடுங்கும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இத்தனையையும் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் அந்தரத்தில் சுழல வேண்டும். சின்னத் துளை வழியே பார்க்க வேண்டும். அதே மாதிரித் துளை வழியே மூச்சு விட வேண்டும். முகமூடி எடை கூடினால் கழுத்துப் போய்விடும். லேசாகிப் போனால் முதல் பாய்ச்சலிலேயே நசுங்கும். கண் துளை அரை விரல் தள்ளிப்போனால், எதிரில் சூலத்தோடு வருபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

ஆக, இந்த முகத்தைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? ஆடுகிறவர்தான். அவரைவிடக் கண்டிப்பான பரீட்சகர் இருக்க முடியுமா? சரிதாவின் கைத்திறன் இத்தனை தலைமுறையாக மங்காமல் வந்திருப்பதற்கு, ஒவ்வொரு சைத்ரத்திலும் அந்த மைதானத்தில் நடக்கும் இந்தப் பரீட்சைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்டம் பிழைத்த கதையும் கேட்க வேண்டியது. புருலியா வானம் பார்த்த பூமி. ஒரு போக நெல்தான். மழை பொய்த்தால் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். ஆடுகிறவர்கள் பலர் விவசாயக் கூலிகள், சிறு விவசாயிகள். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கைதான் இரவில் துர்க்கையின் சூலத்தையும் பிடிக்கிறது. பூமிஜ், குர்மி என்று பல சமூகங்கள் ஆடுகின்றன. வாத்தியத்துக்கு வேறொரு சமூகம், முகமூடிக்கு இன்னொரு சமூகம். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் அன்றைய ஆட்டம் இல்லை.

இந்த மண்ணின் வரலாற்றில் நமக்கு ஒரு நெருக்கமான தேதியும் உண்டு. புருலியா 1956 வரை பீகாரின் மான்பூம் மாவட்டத்தில் இருந்தது. வங்க மொழி பேசுகிறவர்கள், தங்கள் மொழிக்கு இடம் வேண்டும் என்று போராடினார்கள். நம் பொங்கல் நாளில் அங்கே வரும் துசு திருவிழாவின் பாட்டு மெட்டிலேயே 1954இல் போராட்டப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனார்கள். 1956இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் கல்கத்தா வரை நடந்தே சென்றார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி புருலியா மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்த அதே நாள்!

திருவிழா என்றால் பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? நாங்கள் இன்னார் என்று அந்த ஏழை மக்கள் உலகத்துக்குச் சொன்னது திருவிழாவை வைத்துத்தான். பாட்டு அதைச் சொன்னது. ஆட்டமும் முகமூடியும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

உலகம் பார்க்கவும் செய்தது. 1981இல் சௌ நடனக் கலைஞர் கம்பீர் சிங் முராவுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. புருலியா, ஜார்க்கண்டின் சராய்கேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச் ஆகிய மூன்று வகை சௌ நடனத்தையும் 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த மூன்றில் மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது. புருலியா முகமூடிக்கு 2018இல் புவிசார் குறியீடு வந்தது.

முகமூடி செய்பவருக்கு பத்மஸ்ரீ எப்போது வந்தது தெரியுமா? 2024இல். சரிதாவில் மூன்றாம் தலைமுறையாக இந்த வேலையைச் செய்து, பலருக்கும் கற்றுக் கொடுத்த நேபாள் சந்திர சூத்ரதருக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஆடியவருக்கும் முகம் செய்தவருக்கும் நடுவில் 43 ஆண்டு இடைவெளி!

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமும் அப்படித்தானே இருக்கிறோம்? மேடையில் இருப்பவர் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு முகம் செய்து கொடுத்தவர் பெயரைக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இப்போது சரிதாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். குளிர்காலத்தில் தெரு நிறைய கார்கள். உள்ளங்கை அளவு துர்க்கை, வரவேற்பறைக்கு ஒரு புலி, பரிசு கொடுக்க ஒரு பிள்ளையார் என்று கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. கொல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தல்களை அலங்கரிக்கவும் ஆர்டர் வருகிறது. 2013இல் யுனெஸ்கோவும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய கிராமக் கைவினைத் திட்டத்தில் சரிதாவும் இடம்பெற்றது. வருமானம் கூடியிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீடு எழும்புகிறது. இதில் நமக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறென்ன?

ஆனாலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். சுவரில் தொங்கும் முகத்துக்குப் பரீட்சகர் யார்?

அதற்கு மூச்சுத் துளை வேண்டாம். எடை எவ்வளவு என்று யாரும் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. துணி அடுக்கை விட்டுவிட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. நிறம் பளிச்சென்று இருந்தால் போதும், விற்றுவிடும். சீக்கிரம் காய்வதும் சீக்கிரம் விற்பதும் மட்டுமே கணக்கு என்று ஆகிவிட்டால், ஒரு தலைமுறைக்குப் பிறகு ஆட்டத்துக்குத் தாங்கும் முகத்தைச் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கைவினைப் பொருளை வாங்குங்கள், கலைஞர்களை வாழ வையுங்கள் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இந்தப் பத்திரிகையிலும் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது சரியான பேச்சுத்தான். ஆனால் அது பாதிதான். அந்தப் பொருள் எந்தத் திருவிழாவுக்காகப் பிறந்ததோ, அந்தத் திருவிழாவும் நடக்க வேண்டும். முகத்தை வாங்குவது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். ஆட்டத்துக்கு மேடை போட்டால்தான் அந்தக் கைத்திறன் பேரப்பிள்ளை வரை போகும்.

இதைப் புரிந்துகொள்ள நாம் புருலியா வரை போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொலுவையே எடுத்துக்கொள்ளுங்களேன். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் பொம்மை செய்யும் வீடுகளில் அடுப்பு எரிவதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். நாளைக்கே கொலு வைப்பதை நாம் நிறுத்திவிட்டு, ஷோகேஸுக்கு மட்டும் பொம்மை வாங்கினால் என்ன ஆகும்? ராமர் பட்டாபிஷேக செட்டும் கல்யாண செட்டும் யாருக்குத் தேவைப்படும்?

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்பு நடக்கும் ஊர்களில் பிடிமண் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் அவர் ஐயனாருக்குக் குதிரை செய்யத் தொடங்குவார். எவ்வளவு அழகான ஏற்பாடு! வேலை தருவது ஊர், செய்வது கலைஞர், செய்ததைத் தோளில் சுமந்து போவதும் ஊர். கலைஞரின் பிழைப்பும் ஊரின் நம்பிக்கையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கிறது. பிரகலாத சரித்திரத்தில் வரும் நரசிம்மர் முகமூடி அங்கே நாடகச் சாமான் இல்லை, சாமி. அதற்குப் பூஜை உண்டு. அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார். அணிந்தபின் அவரைச் சுற்றி நின்று தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவு ஆவேசம் வரும். அந்த முகத்தை யாராவது விலை பேச நினைப்பார்களா?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்துக்கு வாருங்கள். முத்தாரம்மன் கோயில் தசரா. காளி வேடம் போடுகிறவர் வாரக்கணக்கில் விரதம் இருக்கிறார். சடைமுடி, கிரீடம், கண்மலர், வீரப்பல் எல்லாம் அணிந்து வீடு வீடாகத் தர்மம் எடுத்து, அதைக் கோயிலில் சேர்க்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவரும், கடையில் வேலை பார்ப்பவரும், கல்லூரிப் பையனும் அந்த நாட்களில் காளியாகவோ குறவனாகவோ குரங்காகவோ மாறி நம் வாசலில் நிற்கிறார்கள். அவர் பக்கத்துத் தெரு முருகன்தான் என்று நன்றாகத் தெரிந்தும், நம் வீட்டுப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத்தானே காசு போடுகிறார்கள்?

விஜயதசமி இரவு கடற்கரையில் மகிஷாசுரன் சிங்கத் தலை, எருமைத் தலை என்று தலை மாற்றி மாற்றி வர, அம்மன் அவனைச் சம்ஹாரம் செய்கிறாள். புருலியா மைதானத்தில் மிகவும் விரும்பிப் பார்க்கப்படுவதும் இதே மகிஷாசுர வதம்தான். மொழி வேறு, தாளம் வேறு, மண் வேறு. ஆனால் தீயது எவ்வளவு பெரிய முகத்தோடு வந்தாலும் கடைசியில் விழும் என்பதைக் குழந்தைகளுக்குக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இரண்டு ஊருக்கும் பொதுவானது.

சரி, இதில் நம் குடும்பங்கள் என்ன செய்யலாம்? பெரிய தியாகம் எதுவும் வேண்டாம்.

முதலாவது, ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கும்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளுங்கள். சீரியல் லைட்டுக்கு எவ்வளவு, ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு, நம் ஊர்க் கலைஞர்களுக்கு எவ்வளவு? பல ஊர்களில் கூத்தும் கரகமும் காளியாட்டமும் நின்றுபோனதற்குப் பகை எதுவும் காரணம் இல்லை. பட்ஜெட்டில் அவற்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். வரி கொடுக்கும் நமக்குக் கேட்க உரிமை இருக்கிறது. கமிட்டியில் இருப்பவரும் நம் சித்தப்பாவோ மாமாவோதானே?

இரண்டாவது, கண்காட்சியில் முகமூடி வாங்கினால் யார் செய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். ஆட்டத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒன்று இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கி எடை பாருங்கள், உள்பக்கம் திருப்பித் துணி அடுக்கைப் பாருங்கள். இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் இருக்கிறார் என்று தெரிந்தாலே செய்கிறவருக்கு உற்சாகம் வரும். நல்ல வேலைக்கு அவர் சொல்லும் விலையில் அடித்துப் பேரம் பேசாதீர்கள். காய வைத்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு இந்த லீவில் ஒரு வேலை கொடுங்கள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள். பழைய பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து அடுக்கு அடுக்காக ஒட்டட்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயட்டும். கழற்றி, கண் வெட்டி, வர்ணம் அடித்து, முகத்தில் கட்டிக்கொண்டு கூடத்தில் ஆடட்டும். நேராகப் பார்க்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவர்களே சொல்வார்கள். சரிதாவின் தாத்தாக்கள் எவ்வளவு பெரிய வேலைக்காரர்கள் என்று பத்துப் பக்கக் கட்டுரை எழுதினாலும் என்னால் புரியவைக்க முடியாததை அந்த ஒரு சாய்ந்த மூக்கு புரியவைத்துவிடும்.

நான்காவது, ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடியோடு சினிமாப் பாட்டுக்கு ஆடுவதோடு, ஒரு உள்ளூர்க் கலைஞரை அழைத்து அரை நாள் செய்து காட்டச் சொன்னால் என்ன? உரிய சம்பளம் கொடுத்து, ‘சார்’ என்றோ ‘ஐயா’ என்றோ மரியாதையாக அழைத்து, பிள்ளைகள் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தால், அந்தப் பெருமையோடு அவர் வீட்டுப் பையன் வேலையைக் கற்றுக்கொள்ள உட்காருவான். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னால் நடக்கும்.

புருலியாவிலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் மட்டுமே ஆடிய சௌ ஆட்டத்தில் இப்போது பெண்கள் குழுக்களும் வந்துவிட்டன. துர்க்கை முகமூடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முகமே இருக்கிறது. அந்தப் பெண்கள் எண்ணிக்கை கூடக் கூட, முகமூடிக்குப் புதிய ஆர்டர் வரும், சோதித்துப் பார்க்கப் புதிய பரீட்சகர்கள் வருவார்கள். மரபு என்றால் மாறாமல் கிடப்பது என்று யார் சொன்னது? ஆட ஆள் வர வர அது வளரும்.

எனவே, அன்பு வாசகர்களே, இந்தச் சித்திரை, வைகாசியில் உங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். அம்மன் வேடம் கட்டியவரையும், புரவி சுமந்தவரையும் பார்த்துக் கும்பிட்ட பிறகு, அந்த முகத்தையும் கிரீடத்தையும் குதிரையையும் செய்தவர் யார் என்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் என்ன பொருளில் செய்கிறார், யாரிடம் கற்றார், அடுத்து யார் கற்றுக்கொள்கிறார் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் ஊரையும் குறிப்பிடுங்கள். வரும் கடிதங்களை ஒவ்வொரு இதழிலும் வெளியிடுவோம்.

விருது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் காதில் விழும்போதே அவர் பெயரைச் சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்